ஃபிரான்க்ஸ் 1.2 வாங்குவதா, டர்போ வாங்குவதா? வால்பாறை ஏறுகிறவர்கள் சொல்லுங்கள்

தேயிலை_வாணி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பொள்ளாச்சியில் பள்ளிக்கூட வேலை. அம்மா, அப்பா வால்பாறைக்கு முன்னால் ரொட்டிக்கடை என்ற ஊரில் இருக்கிறார்கள். மாதம் இரண்டு தடவையாவது மேலே போய் வருவோம். நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், கூட அம்மாவோ அப்பாவோ ஒருவர். டிக்கியில் போகும்போது தேங்காய், வரும்போது கேரட், பீன்ஸ். ஆக எப்போதும் ஃபுல் லோடு.

இப்போது இருப்பது 13 வருடப் பழைய சின்ன கார். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டியதும் ஏசியை அணைத்துவிடுவது எங்கள் வீட்டுச் சட்டம். பெரியவனுக்கு வாந்தி வரும் என்பதால் ஜன்னலைத் திறப்பது நல்லது என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்வோம். உண்மைக் காரணம் வண்டிக்குத் தெரியும்.

பார்த்து வைத்திருப்பது மாருதி ஃபிரான்க்ஸ். பலேனோவும் பார்த்தோம். ஆனால் வீட்டுக்குப் போகிற கடைசி அரை கிலோமீட்டர் ஜல்லி பெயர்ந்த பாதை. தரையிலிருந்து பலேனோவின் 170 மில்லிமீட்டர் உயரத்தைவிட ஃபிரான்க்ஸின் 190 தேவலை என்று தோன்றியது. ஃபிரான்க்ஸில் 1.2 லிட்டர் சாதா என்ஜின் 90 பிஎஸ் (குதிரைத்திறன்), 1.0 லிட்டர் டர்போ 100 பிஎஸ். பத்து பிஎஸ்ஸுக்காக ஒரு லட்சம் கூடுதலா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். ஷோரூம் பையன் டர்போ எடுங்கள் மேடம் என்கிறான். அவனே ஓரமாக வந்து, டர்போ போனால் செலவு பெரிது என்றும் சொல்கிறான். எதை நம்புவது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பா எஸ்டேட் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் வண்டியில் இருந்தால் மலையில் ஸ்டியரிங் அவரிடம்தான், என்னிடம் தரமாட்டார். அவருக்கு ஒரு பழக்கம். கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரோடு திருப்புவார். என்ஜின் முனகினாலும் முதல் கியருக்கு இறங்க மாட்டார். "ஃபர்ஸ்ட் போடறது வண்டிய நகட்டறதுக்கு" என்பார். இதற்கும் என் கேள்விக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டம். அதில் மலை 250 வரும்.


மைலேஜ்_மாமா:

1.2 எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள். அதே என்ஜின்தான் பலேனோவில், டொயோட்டா கிளான்ஸாவில், டைசரில் எல்லாம். எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கை வைப்பான். நாளைக்கு சிஎன்ஜி வேண்டுமென்றாலும் கம்பெனி கொடுப்பது 1.2 வண்டியில் மட்டும்தான், டர்போவுக்குக் கிடையாது. ஆனால் சிலிண்டர் டிக்கியில் உட்கார்ந்துவிடும், உங்கள் தேங்காயை மடியில்தான் வைக்க வேண்டும்.


ஸ்பேனர்_12:

அம்மணி, நீங்கள் கடைசியில் போனால் போகிறதென்று எழுதினீர்களே அப்பாவின் பழக்கம், அதுதான் உங்கள் கேள்வியே. மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

நான் உடுமலைப் பக்கம் 22 வருடமாக வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இந்த ஃபிரான்க்ஸ், டைசர் வகையறாவில் இரண்டு என்ஜினும் என் பட்டறைக்கு வருகிறது. இரண்டையும் ஆழியாறு ரோட்டில் ஓட்டிப் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பத்து பிஎஸ் கணக்கைத் தள்ளி வையுங்கள். 1.2 அந்த 90 பிஎஸ்ஸைக் கொடுப்பது என்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது. டர்போ 100 பிஎஸ் கொடுப்பது 5,500 சுற்றில். வால்பாறை ரோட்டில் யார் அம்மணி 6,000 சுற்றில் ஓட்டுகிறார்கள்? டர்போ வண்டி எடையும் சுமார் 50 கிலோ அதிகம். ஐந்து பேரும் மூட்டையுமாக 350 கிலோ ஏற்றிவிட்டால், ஒரு பிஎஸ் இழுக்க வேண்டிய எடை 1.2இல் 14.7 கிலோ, டர்போவில் 13.7 கிலோ. அவ்வளவுதான். இரண்டையும் கடைசிவரை மிரட்டி ஓட்டினால் பெரிய வித்தியாசம் தெரியாது.

வித்தியாசம் கீழே இருக்கிறது. டார்க் என்கிறார்களே, நம் ஊரில் இழுவை, அதைப் பாருங்கள். 1.2இல் 113 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,400 சுற்றில். டர்போவில் 147.6, அது 2,000 சுற்றிலேயே வந்து 4,500 வரை அப்படியே நிற்கும். 2,000 சுற்றில் டர்போ கொடுப்பது 42 பிஎஸ். 1.2 தன் முழு இழுவையையும் அங்கேயே கொடுத்துவிட்டது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 32தான் வரும், நிஜத்தில் இன்னும் குறைவு. ஏசி போட்டு, ஐந்து பேரோடு, முன்னால் போகிற பஸ்ஸின் பின்னாலேயே இரண்டாவது கியரில் ஏறும்போது நீங்கள் உணர்வது இந்தப் பத்துப் பதினைந்து பிஎஸ்ஸைத்தான். பேப்பரில் போடுகிற பத்து வேறு, இது வேறு.

மேலே போகப்போகக் காற்று மெலியும். வால்பாறை ஏறத்தாழ 3,500 அடி, காற்றின் அடர்த்தி பத்து சதவீதம் போலக் குறைந்திருக்கும். சாதா என்ஜின் தானாக மூச்சிழுப்பது, கிடைக்கிற காற்றுதான் அதற்குச் சோறு. 113 அங்கே 102க்குப் பக்கத்தில் நிற்கும். டர்போ இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுழன்று பற்றாக்குறையைச் சரிக்கட்டிவிடும்.

இதுவரை படித்தால் டர்போ எடுங்கள் என்று சொல்வேன் என நினைப்பீர்கள். இப்போது அப்பாவிடம் வருவோம்.

கொல்லன் உலையில் துருத்தி பார்த்திருப்பீர்கள். டர்போ அந்தத் துருத்திதான். ஆனால் இந்தத் துருத்தியை மிதிப்பது சைலன்சருக்குப் போகிற புகை. என்ஜின் நன்றாகச் சுற்றினால் புகை அதிகம், துருத்தி வேகமாக ஊதும். என்ஜின் 1,100 சுற்றில் முனகிக்கொண்டிருந்தால் புகையும் கொஞ்சம், ஊதலும் கொஞ்சம். அந்த நேரத்தில் உங்களிடம் இருப்பது டர்போ கார் கிடையாது. 998 சிசி, மூன்று சிலிண்டர், சாதா கார். அதிலும் கம்ப்ரஷன் குறைவு. டர்போ என்ஜினில் 10க்கு 1தான் அமுக்குவார்கள், 1.2இல் 12க்கு 1. ஊதல் வராத நேரத்தில் 1.2தான் வலுவான ஆள். கூட இருக்கிற ஸ்மார்ட் ஹைப்ரிட் என்ற சின்ன மின் மோட்டார் ஒரு கை கொடுக்கும், மலை ஏற்றுகிற கை இல்லை.

கொண்டை ஊசியில் நடப்பது என்ன? திருப்பத்தின் நடுவில் வேகம் 15 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். இரண்டாவது கியரில் அந்த வேகத்துக்கு என்ஜின் சுற்று 1,100, 1,200தான் இருக்கும். அப்பா ஆக்ஸிலேட்டரை அமுக்குவார். 1.2 ஆக இருந்தால் முனகிக்கொண்டே, மெதுவாக, ஆனால் ஒரே சீராக ஏறும். டர்போ ஆக இருந்தால் முதலில் ஒன்றும் நடக்காது. அவர் இன்னும் அமுக்குவார். 1,800 தாண்டும்போது ஊதல் வந்து சேரும், வண்டி ஒரே தள்ளாகத் தள்ளும். அதற்குள் வளைவு முடிந்து எதிரே பஸ் நிற்கும்.

அதே வளைவை முதல் கியரில் எடுத்தால் அதே 15 கிலோமீட்டரில் என்ஜின் 2,000ஐத் தொட்டிருக்கும். துருத்தி தயாராக இருக்கும். 9ஆவது வளைவு, லோம்ஸ் வியூ இருக்கிறதே, அங்கே கூட்டம் குறுக்கே வந்து அடியோடு நிறுத்திக் கிளப்பினாலும் அலட்டாது. முதல் கியர் நகட்ட மட்டும் என்பதெல்லாம் பழைய லாரியின் பாடம். லாரியின் டீசல் என்ஜினுக்குக் கீழேயே இழுவை இருந்தது, அப்பாவின் கால் அதில் பழகியது. அவர்மேல் தப்பு இல்லை.

ஆக என் கணக்கு இது. மலையில் அப்பா ஓட்டுவதாக இருந்தால் 1.2. நீங்கள் ஓட்டுவதாக இருந்தால், முதல் கியருக்கு இறங்கக் கூச்சப்படமாட்டீர்கள் என்றால், டர்போ மேனுவல்.

இந்தப் பிரச்சினையே இல்லாமல் இருக்க வழி டர்போவில் வரும் 6 கியர் ஆட்டோமேட்டிக். அதில் கிளட்ச்சுக்குப் பதில் ஆயில் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர், வளைவில் தானாக இறங்கிக்கொள்ளும், சுற்றை விழவிடாது. 1.2இல் வருகிற ஏஎம்டியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச்சை ஒரு மோட்டார் மிதிக்கிறது, ஒவ்வொரு கியருக்கும் ஒரு நொடி இழுவை அறுந்து வரும். ஆனால் விலை. 2023 ஏப்ரலில் வண்டி வந்தபோது டெல்டா பிளஸ் என்ற மாடலில் 1.2 மேனுவல் 8.72 லட்சம், அதே டெல்டா பிளஸ் டர்போ 9.72. ஆட்டோமேட்டிக் டர்போ ஆரம்பமே 12.05. நம் தமிழ்நாட்டில் இந்த விலை வண்டிகளுக்குச் சாலை வரி 10 லட்சம் வரை 13 சதவீதம், அதற்கு மேல் போனால் 18. அந்த 9.72 வண்டிக்கும் 12.05 வண்டிக்கும் வரியிலேயே 90 ஆயிரம் வித்தியாசம். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி இறங்கியதில் விலைகள் மாறிவிட்டன. புதுக் கொட்டேஷன் வாங்கி, அந்தப் பத்து லட்சக் கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள்.

செலவு பயம் பற்றி. ஒரு டர்போ போய் என் பட்டறைக்கு வந்தது, கம்பெனி பெயர் வேண்டாம், வேறு வண்டி. கழற்றினால் உள்ளே ஆயில் தார் மாதிரி. ஓனரைக் கேட்டேன், 24,000 கிலோமீட்டராக ஆயிலே மாற்றவில்லை. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழலும். அதைத் தாங்குவது ஒரு மயிரிழை கனத்தில் இருக்கிற ஆயில் படலம். அதைப் பட்டினி போட்டால் யார் என்ன செய்ய முடியும்?


ஒரகடம்_ஷிப்ட்:

ஸ்பேனர் அண்ணன் சொன்னதோடு ஒரு விஷயம் சேர்க்கிறேன். கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. டீ பிரேக்கில் போட்ட கணக்கு இது.

நம் ஊரில் ஏன் எல்லாரும் 1.0 டர்போவும் 1.2 சாதாவும் விற்கிறார்கள்? பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள், நீளம் 4 மீட்டருக்குள் இருந்தால் சின்ன கார், வரி குறைவு. இப்போது 18 சதவீதம், தாண்டினால் 40. ஃபிரான்க்ஸின் நீளத்தைப் பாருங்கள், 3,995 மில்லிமீட்டர். அந்த 5 மில்லிமீட்டர் அடக்கம் சும்மா வந்ததில்லை. இந்தக் கூண்டுக்குள் பெரிய என்ஜின் வைக்க முடியாது, அதனால் ஊதுகிறார்கள்.

சாதா என்ஜின்களின் இழுவையை அவற்றின் கொள்ளளவால், லிட்டர் கணக்கில், வகுத்துப் பாருங்கள். மாருதி 1.2க்கு 94. ஹூண்டாய் ஐ20இல் இருக்கும் 1.2க்கு 96. நிசான் மேக்னைட், ரெனோ கைகர் இரண்டிலும் வரும் 1.0க்கு 96. நின்றுபோன ஃபோக்ஸ்வாகன் போலோவின் 1.0க்கு 95. ஜப்பான், கொரியா, ஜெர்மனி எல்லாம் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வானம் கொடுக்கிற காற்று அவ்வளவுதான், மிஞ்சி மிஞ்சிப் போனால் நூறைக் கொஞ்சம் தாண்டும்.

டர்போவில் எவ்வளவு ஊதுவது என்பது கம்பெனியின் இஷ்டம். அங்கேதான் ஆளுக்கு ஆள் மாறுகிறார்கள். ஃபிரான்க்ஸில் 113இலிருந்து 148, மூன்றில் ஒரு பங்குகூட ஏறவில்லை. ஐ20 சாதாவில் 115, அதன் டர்போ மாடலான என் லைனில் 172, ஒன்றரை மடங்கு. மேக்னைட்டில் 96இலிருந்து 160. 2020இல் வந்த டர்போ போலோவான டிஎஸ்ஐயில் 95இலிருந்து 175, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, இத்தனைக்கும் இரண்டும் அதே 999 சிசி.

அதனால் ‘டர்போவுக்குக் கூடுதல் பணம் தகுமா’ என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. மேக்னைட்டில் கேட்டால் மலைக்குப் போகிறவர் யோசிக்கவே வேண்டாம், டர்போ என்பேன். அங்கே சாதா என்ஜின் 72 பிஎஸ்தான். ஃபிரான்க்ஸில் சாதாவே 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், நல்ல என்ஜின். அது நன்றாக இருப்பதுதான் உங்கள் தலைவலி.

மேக்னைட்டும் கைகரும் எங்கள் ஒரகடத்தில் செய்கிற வண்டி, ஐ20 பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில். ஊர்ப்பாசத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதிவிட்டேன்.


ஆர்எஸ்_வெறியன்:

ஸ்பேனர் அண்ணனை மதிக்கிறேன், ஆனால் அப்பா ஓட்டினால் 1.2 என்று முடித்ததை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என்னிடம் 2017 பலேனோ ஆர்எஸ். ஃபிரான்க்ஸ் டர்போவில் இருக்கிற இதே பூஸ்டர்ஜெட் என்ஜினின் மூத்த பிள்ளை, 102 பிஎஸ், 150 நியூட்டன் மீட்டர். பிஎஸ்6 புகை விதி வந்தபோது அதை நிறுத்திவிட்டு, மூன்று வருடம் கழித்து ஃபிரான்க்ஸில் கொண்டுவந்தார்கள். 1,12,000 கிலோமீட்டர் ஓடியாயிற்று. 10,000க்கு ஒருமுறை ஆயில், ஏர் ஃபில்டர் காலத்தில் மாற்றுவது, வேறு ஒன்றும் செய்ததில்லை. டர்போவை இதுவரை யாரும் தொட்டதில்லை.

கால் பழக்கம் ஒரு மாதத்தில் மாறும். நானும் ஆரம்பத்தில் முனகவிட்டு ஓட்டியவன்தான். முதல் ஊட்டிப் பயணத்தில், குன்னூர் வழியில் நாலாவது வளைவிலேயே பாடம் படித்துவிட்டேன். ஊட்டி 2,240 மீட்டர், காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்த இடம். அங்கே நண்பனின் சாதா பலேனோ என் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்ததை நான் கண்ணாடியில் பார்த்தேன்.

மலை 250 கிலோமீட்டர் என்கிறீர்கள். மீதி 550இல் பொள்ளாச்சி ரோட்டில் தேங்காய் லாரிகளை ஓவர்டேக் செய்ய வேண்டாமா? மூன்றாவது கியரில் 50இலிருந்து 80 போவதற்குக் கியர் மாற்றாமல் அமுக்கினால் போதும். சாதா என்ஜினில் ஒரு கியர் இறக்கி, சத்தம் போட்டு, அப்புறம்தான்.

மைலேஜ் பற்றி நேர்மையாகச் சொல்கிறேன். கம்பெனி சொல்கிற கணக்கில் ஃபிரான்க்ஸ் 1.2 மேனுவல் 21.79, டர்போ மேனுவல் 21.5, ஒன்றுமே வித்தியாசம் இல்லாத மாதிரி இருக்கும். அது ஆய்வகத்தில் பூப்போல ஓட்டியது. டர்போவில் ஊதலை அனுபவிக்கிற ஒவ்வொரு தடவையும் பெட்ரோல் கூடப் போகும். என் காலுக்குக் கோவை ஊருக்குள் 12, 13 தருகிறது. குற்றம் காலின்மேல்தான்.


தேயிலை_வாணி:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கு இதை முழுவதும் படித்துக் காட்டினேன். "பழைய லாரியின் பாடம்" என்ற வரியில் சிரித்தார். அப்புறம், "அந்தாளு லாரி ஓட்டியிருக்காரா?" என்று கேட்டார்.

இரண்டு சந்தேகம். ஒன்று, இறக்கத்தில் எது நல்லது? எங்கள் பழைய வண்டியில் ஆழியாறு வருவதற்குள் பிரேக் வாசம் வரும். இரண்டு, நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் அடிக்கிற என்ஜினில் கரி பிடிக்கும் என்று தங்கச்சி வீட்டுக்காரர் பயமுறுத்துகிறார். உண்மையா?


ஸ்பேனர்_12:

லாரி ஓட்டியதில்லை அம்மணி, கீழே படுத்திருக்கிறேன். அப்பாவிடம் சொல்லுங்கள்.

இறக்கத்தில் 1.2 ஒரு பிடி கூடுதல். ஆக்ஸிலேட்டரை விட்டதும் வண்டியைப் பிடித்து இழுப்பது என்ஜினின் கொள்ளளவு. 1,197 சிசிக்கும் 998 சிசிக்கும் அந்த வித்தியாசம் கொஞ்சம் இருக்கும், டர்போ அப்போது வேலைக்கு வராது. ஆனால் பிரேக் வாசம் வருவது என்ஜினால் இல்லை, மூன்றாவது கியரில் இறங்குவதால். அட்டகட்டியிலிருந்து இரண்டாவதைப் போட்டுவிட்டு, ஏறுகிற வண்டிக்கு வழி விட்டு, மெதுவாக வாருங்கள்.

கரி பற்றிச் சொன்னது உண்மைதான். பழைய முறையில் பெட்ரோல் இன்டேக் வால்வின்மேல் பட்டு அதைக் கழுவிக்கொண்டே உள்ளே போகும். நேரடி முறையில் வால்வுக்கு அந்தக் குளியல் கிடையாது, ஆயில் ஆவி படிந்து கரியாகும். இந்த பூஸ்டர்ஜெட் நேரடி வகை, 1.2 பழைய வகை. சதா ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துகிறவர்களுக்குத்தான் இது சீக்கிரம் வரும். என்ஜின் நன்றாகச் சூடாகி ஓடுகிற உங்கள் மாதிரி ஆட்களுக்கு இதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

பேசிக்கொண்டே இருப்பதைவிட ஒரு தடவை ஏறிப் பாருங்கள். என் கஸ்டமர் ஒருவரிடம் டைசர் டர்போ மேனுவல் இருக்கிறது, உள்ளே இருப்பதெல்லாம் இதே சாமான். ஞாயிற்றுக்கிழமை கேட்டு வைக்கிறேன். 1.2க்கு உங்கள் ஸ்கூலில் யாரிடமாவது பலேனோ இருக்காதா? ஆள் ஏற்றிக்கொண்டு போங்கள், காலி வண்டியில் போனால் ஒன்றும் தெரியாது.


தேயிலை_வாணி:

போய் வந்தோம். தமிழ் டீச்சரின் பலேனோவில் காலையிலும், ஸ்பேனர் அண்ணா ஏற்பாடு செய்த டைசரில் மதியமும். இரண்டிலும் ஐந்து பேர், ஏசி போட்டு, கூட அரிசி மூட்டை ஒன்று.

பலேனோவில் அப்பா ராஜா. இரண்டாவது கியரை விடவே இல்லை. மெதுவாக, சீராக, அண்ணா சொன்ன அதே முனகலோடு 9ஆவது வளைவு வரை ஏறியது. லோம்ஸ் வியூவில் டீ குடித்துவிட்டு, "இது போதும்" என்றார். வீட்டுக்காரர் முகத்தில் ஒரு லட்சம் மிச்சமான சந்தோஷம்.

டைசரில் முதல் நாலு வளைவு ஒழுங்காகப் போயிற்று, வேகம் விழாததால். ஐந்தாவதில் மேலிருந்து பஸ் இறங்கியது. டிரைவர் கையைக் காட்டி நீங்கள் ஏறுங்கள் என்று நிற்கிறார், அப்பா இரண்டாவது கியரிலேயே அமுக்குகிறார். வண்டி யோசித்தது. மனதுக்குள் மூன்று எண்ணினேன். அப்புறம் ஒரே தாவு. சின்னவள் கையிலிருந்த முறுக்கு டேஷ்போர்டுக்குப் போய்விட்டது. "கோயில் மாடு மாதிரி இருக்கு, அதுக்குத் தோணினாத்தான் நடக்குது" என்றார் அப்பா.

9ஆவதில் நிறுத்தி, நான் ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். பிள்ளைகள் முன்னால் மறுக்க முடியாமல் இறங்கிக்கொண்டார். வளைவுக்கு முன்னாலேயே முதல் கியர், திரும்பி நிமிரும்போது இரண்டாவது. முதல் இரண்டு வளைவில் கியர் இறக்கும்போது வண்டி குலுங்கியது, எனக்கு வெட்கமாக இருந்தது. அப்புறம் கை பழகிவிட்டது. ஓரிடத்தில் வரையாடு இரண்டு ரோட்டோரம் நின்றன. அடியோடு நிறுத்தி, பிள்ளைகள் பார்த்து முடித்ததும் கிளப்பினேன். ஏற்றம் என்றே தெரியவில்லை. அட்டகட்டி வரும்போதுதான் கவனித்தேன், ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது, பெரியவன் வாந்தி எடுக்கவில்லை, அப்பா பேசவே இல்லை. அட்டகட்டியில் இறங்கி, "இன்னும் ஒரு ஆளு ஏத்தலாம் போலிருக்கே" என்று வேறு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

அண்ணா, உங்கள் கணக்குப்படி நான் 1.2 எடுத்திருக்க வேண்டும். நேர்மாறாகச் செய்துவிட்டேன். டெல்டா பிளஸ் டர்போ மேனுவல், புக் பண்ணியாகிவிட்டது. கொட்டேஷன் பத்து லட்சத்துக்கு உள்ளேதான் நிற்கிறது, வரி 13 சதவீதம்தான். மலையில் இனி நான்தான் ஓட்டுவேன் என்ற நிபந்தனையை அப்பாவிடம் சொல்லியாயிற்று. பதில் வரவில்லை. ஆனால் நேற்று போனில், "கீழ இருந்து மேல வரைக்கும் நாப்பது வளைவு, நாப்பது தடவ ஃபர்ஸ்ட் போட்டா கை வலிக்காதா?" என்று கேட்டார். பாதி சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.


மைலேஜ்_மாமா:

போச்சு. வாழ்த்துகள்.


ஸ்பேனர்_12:

நல்லது அம்மணி. நான் சொன்ன கணக்கு அப்பா ஓட்டினால்தானே, ஆளை மாற்றிவிட்டீர்கள், கணக்கும் மாறிவிட்டது.

நாற்பதிலும் முதல் கியர் வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். வேகம் விழாத வளைவில் இரண்டாவதே போதும். சுற்று 1,800க்குக் கீழே போகிறதா என்று மட்டும் பாருங்கள், மீட்டரில் முள் இருக்கிறது.

முதல் ஆயிரம் கிலோமீட்டர் முழுக்க அமுக்காதீர்கள். ஆயில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. ரொட்டிக்கடை வீட்டு வாசலில் போய் நின்றதும் சாவியைத் திருப்பிவிட்டு இறங்கி ஓடாதீர்கள். அவ்வளவு ஏற்றம் ஏறிய டர்போ அப்போது கொதித்துக்கொண்டிருக்கும், ஆயில் ஓட்டம் சட்டென்று நின்றால் உள்ளேயே வெந்து கருகும். ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். அதற்குள் அப்பா கேரட் மூட்டையோடு வாசலுக்கு வந்துவிடுவார்.